அக்கா வீட்டு மணிவிளக்குகள்

கிள்ளானில் இருக்கும் என் அக்கா வீட்டு அழைப்பு மணிக்குச் சத்தம் கிடையாது. வாசல் கேட்டில் உள்ள பொத்தானை யாராவது அழுத்தினால் வீட்டுக்குள் பகலிலும் எரியும் விளக்குகள் மூன்று முறை அணைந்து எரியும். அக்காவுக்கு ஒன்பது வயதில் வந்த காய்ச்சலோடு இரண்டு காதும் போய்விட்டன. அதற்குள் பேசக் கற்றிருந்ததால் இன்றும் பேசுவாள். தன் குரல் தனக்குக் கேட்காததால் எதிர்வீட்டுக்கும் சேர்த்துப் பேசுவாள். நாம் சொல்வதை உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள்; முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசினால் திட்டுவாள்.

அத்தானுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. மணிவிளக்குகளை ஏற்பாடு செய்தவர் அவர்தான். ஒரே நிறுவனத்தின் மூன்று பல்புகளையும் ஒரு பொத்தானையும் வாங்கிவந்து, பல்புகளைச் சமையலறையிலும் படுக்கையறையிலும் அக்கா தைக்கும் நடு அறையிலும் மாட்டினார். அக்கா ரவிக்கை தைப்பவள். வாடிக்கையாளர்கள் நாள் முழுவதும் வருவார்கள். அவர்கள் பொத்தானை அழுத்தியதும் தகவல் வீட்டு வைஃபை வழியாக வெளியேறி, எந்த நாட்டிலோ இருக்கும் அந்த நிறுவனத்தின் கணினிக்குப் போய், அங்கிருந்து உத்தரவாகத் திரும்பி வந்து பல்புகளை மின்னவைக்கும். கேட்டிலிருந்து நடு அறைக்கு நடந்தால் அரை நிமிடம்கூட ஆகாது. தகவல் சுற்றி வந்த தூரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது.

அத்தான் இறந்த பின்னும் விளக்குகள் ஒழுங்காக மின்னிக்கொண்டிருந்தன. பிறகு அந்த நிறுவனம் தன் சேவையை நிறுத்திவிட்டது. முன்னறிவிப்பை மின்னஞ்சலில் அனுப்பியிருந்தார்கள், அத்தானின் முகவரிக்கு. அதைத் திறந்து பார்க்க ஆள் இல்லை. சுவரில் உள்ள சுவிட்சைப் போட்டால் பல்புகள் எரியவே செய்தன. அதனால் மணி நின்றுபோனது அக்காவுக்குத் தெரியவில்லை.

அதைக் கண்டுபிடித்தவள் அவள் மகள். நான்கு மணி நேரப் பயணத் தொலைவில் ஜோகூர் பாருவில் வேலை செய்கிறாள். ஒரு சனிக்கிழமை மதியம் சொல்லாமல் காரோட்டி வந்து கேட்டில் நின்று மணி அடித்திருக்கிறாள். திறக்கவில்லை. கைப்பேசியில் செய்தி அனுப்பியிருக்கிறாள். அக்காவின் கைப்பேசி படுக்கையறையில் மின்னூட்டத்தில் கிடந்திருக்கிறது. எதிர்வீட்டு ஆன்ட்டி வெளியே வந்து, “சத்தமா கூப்பிடு லா,” என்று யோசனை சொல்லியிருக்கிறார். கடைசியில் என் அக்கா மகள் போட்டிருந்த நல்ல உடையோடு கேட் மேல் ஏறிக் குதித்தாள். சட்டைக் கை கம்பியில் மாட்டிக் கிழிந்தது. நடு அறைக்குள் வந்து நின்ற மகளை அக்கா ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னது இதுதான்: “கை கிழிஞ்சிருக்கே. கழட்டிக் குடு, தைச்சுத் தரேன்.”

“நான் திருடனா இருந்திருந்தா என்னம்மா பண்ணியிருப்ப?”

“திருடன் பெல் அடிச்சுட்டா வருவான்?”

இந்த உரையாடல் எனக்குத் தொலைபேசியில் இரு தரப்பிலிருந்தும் தனித்தனியாக வந்து சேர்ந்தது. மகள் பேசினாள், தாய் எழுதி அனுப்பினாள். இரண்டிலும் வாசகங்கள் ஒன்றாகவே இருந்தன. தீபாவளித் தையல் முடிந்ததும் அம்மாவை ஜோகூருக்கு அழைத்துப்போய்விடுவதாக மகள் முடிவு செய்திருந்தாள்.

“சின்னம்மா, இனிமே அவங்கள அங்க தனியா விட முடியாது. வீட்ட வாடகைக்கு விட்டுடலாம். மெஷின, அலமாரிய எல்லாம் லோரியில ஏத்திட்டா ஒரு நாள் வேல.”

அக்காவுக்கு அதில் சம்மதமில்லை. கிள்ளானில் அவளுக்கு வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். அதைவிட, ஞாயிற்றுக்கிழமைதோறும் வீட்டுக்கு வந்து கைகளால் பேசும் நண்பர்கள் இருந்தார்கள். ஜோகூரில் அவளோடு சைகை மொழியில் பேச மகள் ஒருத்திதான். அவளும் இருட்டிய பிறகே வீடு திரும்புவாள். மற்ற நேரமெல்லாம் யாருடைய உதட்டையாவது பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். “நாள் பூரா வாய் பார்க்கறது எவ்ளோ களைப்பு தெரியுமாடி? கண்ணு வலிக்கும்,” என்று என்னிடம் முன்பே ஒருமுறை சொல்லியிருக்கிறாள்.

நான் இடையில் புகுந்து ஒரு தவணை வாங்கினேன். மணியை நான் சரிசெய்கிறேன். தீபாவளி வரைக்கும் அது தவறாமல் வேலை செய்தால் அம்மாவைக் கிள்ளானிலேயே விட்டுவிட வேண்டும். என் அக்கா மகள் சற்று யோசித்துவிட்டு, “தவறாம, சின்னம்மா. ஒரு தடவைகூட,” என்றாள். சரி என்றேன்.

புதிதாக வேறு நிறுவனத்தின் பல்புகளை வாங்கி மாட்டுவதுதான் எளிய வழி. அதைத்தான் முதலில் சொன்னேன். அக்கா கேட்டாள்: “அவனும் கடைய மூடிட்டா?” வேறு வழி தேடத் தொடங்கினேன். அப்போதுதான், பல்புக்குள் இருக்கும் மென்பொருளையே மாற்றிவிடலாம் என்பதைப் படித்தேன். இத்தகைய பல்புக்குள் விரல் நகம் அளவில் ஒரு சில்லு இருக்கிறது. அது யாருடைய பேச்சைக் கேட்க வேண்டும் என்பதை அதனுள் எழுதப்பட்ட ஃபர்ம்வேர் முடிவு செய்கிறது. அதை அழித்துவிட்டு, பொதுவில் கிடைக்கும் வேறொன்றை எழுதினால் பல்பு வெளிநாட்டுக் கணினியை மறந்துவிடும். வீட்டு வைஃபைக்குள் சொல்வதை மட்டும் கேட்கும். அதன் பிறகு எந்த நிறுவனம் இருந்தாலும் மூடினாலும் ஒன்றுதான்.

நான் ஷா ஆலாமில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்பவள். தராசு, வெப்பமானி, அழுத்தமானி போன்றவை எங்களிடம் வரும். கையேட்டை முழுக்கப் படிக்காமல் எதையும் திறக்கக் கூடாது என்பது எங்கள் இடத்து விதி. எனக்கு அந்த விதி இயல்பாகவே பொருந்தும். ஃபர்ம்வேரின் விளக்கப் பக்கங்களை எல்லாம் அச்செடுத்துக் கோத்து, ரயிலில் போக வரப் படித்தேன்.

கணினியையும் பல்பையும் இணைக்க ஒரு சிறு தகடு தேவைப்பட்டது. மின்னணு உதிரிப் பாகங்கள் விற்கும் கடைவரிசைக்குப் போய், மூன்று வோல்ட்டுக்குக் குறைத்துக்கொள்ளக்கூடியதாக வேண்டும் என்று கேட்டேன். ஐந்து வோல்ட் கொடுத்தால் சில்லு பொசுங்கிவிடும். கடைக்காரர் தமிழர். எடுத்துக் கொடுத்துவிட்டு, “எதுக்கு ஆன்ட்டி?” என்றார்.

“பல்புல சாஃப்ட்வேர் மாத்தணும்.”

“பல்புலயா?” பக்கத்திலிருந்த சக ஊழியரைப் பார்த்தார். “ஆன்ட்டி, மூணு கடை தள்ளிப் போனீங்கன்னா நல்ல பல்பே விக்கிறாங்க. சுவிட்ச் போட்டா எரியும். சாஃப்ட்வேர்லாம் வேணாம்.”

“எரியறது பிரச்சன இல்ல தம்பி. யார் சொல்லி மின்னுதுங்கறதுதான் பிரச்சன.”

“அப்ப நீங்க பல்பு வாங்க வரல. கட்சி ஆரம்பிக்க வந்திருக்கீங்க,” என்றார். இருவரும் சிரித்தார்கள். ஒரு முழம் மெல்லிய கம்பியை இலவசமாகச் சுற்றிக் கொடுத்தார்.

பிரிக்பீல்ட்சில் என் அடுக்குமாடி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பழைய செய்தித்தாளை விரித்து, அக்கா வீட்டிலிருந்து கழற்றிவந்த பல்புகளையும் பொத்தானையும் வைத்து வேலையைத் தொடங்கினேன். கூடவே ஒரு விதி வைத்துக்கொண்டேன்: பல்பில் கம்பி பற்றவைத்திருக்கும்போது அதை வீட்டு மின்சாரத்தில் மாட்டவே கூடாது. மாட்டினால் பல்பு, கணினி, நான் மூன்றும் போய்விடலாம். கை மறந்து செய்துவிடாமலிருக்க, மேசை விளக்கைக் கழற்றி அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

பல்பின் வெள்ளை மூடி பசையால் ஒட்டப்பட்டிருந்தது. முதல் பல்பில் கத்தி வழுக்கி உள்ளே இறங்கி, தகட்டில் இருந்த தாமிரக் கோடு ஒன்றை அறுத்துவிட்டது. அதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது. இரண்டாவதை வெந்நீர்ப் பாத்திரத்தின் ஆவியில் காட்டிப் பசையை இளக்கிய பிறகு அறுத்தேன். மூடி சுத்தமாக வந்தது. உள்ளே கடுகளவுப் புள்ளிகள். அவற்றில் நான்கில் கம்பிகளை ஈயத்தால் பற்றவைக்க வேண்டும். ஐந்தாவது புள்ளியை மின்சாரத்தின் எதிர்முனையோடு தொட்டுப் பிடித்தபடியே மின்னிணைப்புக் கொடுக்க வேண்டும். அப்போதுதான் சில்லு தன் வழக்கமான வேலையைத் தொடங்காமல், புதிதாக எழுதுவதற்கு இடம் கொடுக்கும். தொட்டுப் பிடிக்கும் கை சற்று விலகினாலும் முதலிலிருந்து வர வேண்டும். விலகியது. மறுபடியும் செய்தேன். நான்காம் முறை கணினித் திரையில் எழுத்துகள் ஓடத் தொடங்கின. விழுக்காடு ஏறிக்கொண்டே போய் நூறில் நின்றது. கம்பிகளைக் கழற்றி, மூடியை ஒட்டி, காயவிட்டு, பிறகே மின்சாரத்தில் மாட்டினேன். பல்பு எரிந்தது. கைப்பேசியில் பார்த்தபோது, அக்கம்பக்கத்து வீடுகளின் வைஃபை பெயர்களுக்கு நடுவே அதுவும் தன் பெயரை அறிவித்துக்கொண்டிருந்தது. இன்ன வைஃபையில் சேர் என்று அதற்குச் சொன்னதும் சேர்ந்துகொண்டது.

மற்ற பல்பும் கேட் பொத்தானும் அதே வழியில் முடிந்தன. பொத்தானுக்குள்ளும் அதே வகைச் சில்லுதான். கெட்டுப்போனதற்குப் பதிலாகவும், கூடுதலாகவும், கடையில் மிச்சமிருந்த அதே ரகப் பல்புகள் இரண்டை வாங்கி அவற்றையும் அப்படியே மாற்றினேன். கூடுதலாக வாங்கியதற்குக் காரணம் உண்டு. அக்கா வீடு முன்னும் பின்னுமாக நீண்ட வரிசை வீடு. கேட் பொத்தானின் வீச்சு ஹால் வரைதான் உறுதியாக எட்டியது. ஆகவே ஹாலில் இருந்த நீளமான பழைய டியூப் லைட்டைக் கழற்றிவிட்டு அங்கே ஒரு பல்பைப் போட்டேன். பொத்தான் ஹால் பல்புக்குச் சொல்லும். ஹால் பல்பு மற்ற மூன்றுக்கும் சொல்லும்.

கிள்ளானில் ஏணி மேல் நின்று மாட்டிக்கொண்டிருந்தபோது அக்கா கீழே நின்று மூடியின் வெட்டுத் தடத்தை ஆராய்ந்தாள். “என்னாடி இது, பலாப்பழம் பிளந்த மாதிரி இருக்கு. தையல் எங்கிட்ட கத்துக்கிட்டிருக்கலாம்.”

மாட்டி முடித்ததும் வெளியே போய் மணி அடித்தேன். நான்கு விளக்குகளும் மூன்று முறை அணைந்து எரிந்தன. அக்கா தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்து இன்னொரு முறை அடிக்கச் சொன்னாள். பிறகு தலையை ஆட்டினாள். “அணைக்காதே. ஊசி ஓடறப்ப இருட்டானா விரலு போயிடும். உங்க அத்தான் காலத்துலயும் இதே தொல்லதான். கம்பெனிக்காரன் வெச்சபடிதான் மின்னும், மாத்த முடியாதுன்னுட்டாரு. மங்கட்டும். மங்கி, திரும்பி வரட்டும்.”

இப்போது மாற்ற முடிந்தது. பாதி வெளிச்சத்துக்கு இறங்கி மெதுவாக ஏறும்படி எழுதினேன். மூன்று முறை. அக்கா ரவிக்கையின் ஒரு கையைத் தைத்து முடிக்கும் வரை என்னை வெளியே நிற்கவைத்து அடிக்கச் சொன்னாள். விரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்கு அவள் செய்த இறால் சம்பலோடு சாப்பிட்டுவிட்டு கொமுட்டர் என்னும் புறநகர் ரயிலில் திரும்பினேன்.

அடுத்த திங்கட்கிழமை அக்காவிடமிருந்து செய்தி வந்தது. ஒரு வாடிக்கையாளர் துணியோடு வந்து மணி அடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டாராம். விளக்குகள் எரிகின்றன, மங்கவில்லை. வேலை முடிந்து கிள்ளானுக்குப் போனேன். ஹால் பல்பு தன் நினைவை முழுக்க இழந்திருந்தது. வைஃபை கடவுச்சொல், மற்ற பல்புகளின் முகவரி, மங்க வேண்டிய விதம் எதுவும் அதனிடம் இல்லை. கடையிலிருந்து வந்ததுபோல் தன் பெயரை மட்டும் காற்றில் அறிவித்துக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் திரும்ப எழுதினேன்.

அதற்கடுத்த திங்களும் அதே கதை.

கருவி ஒன்று தவறாகக் காட்டினால் சுற்றுச்சூழலிலிருந்து தொடங்க வேண்டும். வெப்பத்தைச் சோதித்தேன், மூடிக்குள் சூடு வரம்புக்குள் இருந்தது. மின்னழுத்தத்தை ஒரு நாள் முழுக்கப் பதிவு செய்தேன். ஏற்றஇறக்கம் சொல்லும்படியாக இல்லை. வைஃபை பெட்டியை மாற்றினேன். ஹால் பல்பையும் சமையலறைப் பல்பையும் இடம் மாற்றிப் போட்டேன். சமையலறையிலிருந்து ஹாலுக்கு வந்த பல்பு அந்தத் திங்களன்று நினைவிழந்தது. ஹாலிலிருந்து போனது நன்றாக இருந்தது. ஆகவே கோளாறு பல்பில் இல்லை, அந்த இடத்தில் இருந்தது. அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

திரும்பிப் போன வாடிக்கையாளர்களில் ஒருவர், அக்கா மகளோடு படித்தவர். செய்தி ஜோகூருக்குப் போய்விட்டது.

“ஒரு தடவைகூட தவறாதுன்னு சொன்னீங்க, சின்னம்மா.”

“சொன்னேன்.”

“எத்தன தடவ?”

“மூணு.”

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பேச இடம் இருந்திருக்கும். “நீங்க வாரா வாரம் கிள்ளானுக்கு ஓடறீங்க. எனக்கே கஷ்டமா இருக்கு. விட்டுடுங்க. தீபாவளி முடிஞ்ச சனிக்கிழமைக்கு லோரி சொல்லிட்டேன்,” என்றாள்.

அக்காவிடம் இதைச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, “அவ லோரி சொல்லுவா. ஏறறது யாரு?” என்றாள். ஆனால் அன்றைக்குப் புதிதாக வந்த இரண்டு வாடிக்கையாளர்களிடம், தீபாவளிக்குப் பிறகு தைப்பேனா தெரியாது என்று அவள் சொல்வதையும் கேட்டேன்.

தவறு திங்கட்கிழமைகளில் தெரியவந்தது. அப்படியானால் நடந்தது ஞாயிற்றுக்கிழமைகளில். ஞாயிறு எனக்குத் துணி துவைத்து, வீடு துடைத்து, வாரத்துக்குக் காய்கறி நறுக்கி வைக்கும் நாள். அந்த ஒழுங்கை நான் மாற்றுவதில்லை. அக்கா வீட்டுக்கு ஞாயிறுகளில் போகாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அவள் நண்பர்களின் கைப்பேச்சில் எனக்குப் பத்தில் ஒன்றுதான் புரியும். அந்த ஞாயிறு துணியை ஊறவைத்துவிட்டுக் கிளம்பினேன்.

பிற்பகலில் ஒவ்வொருவராக வந்தார்கள். பெரும்பாலும் அத்தானின் நண்பர்கள். தமிழர்களோடு ஒரு சீனப் பெண்மணியும் ஒரு மலாய்த் தம்பதியும் இருந்தார்கள். கைமொழியில் அவர்களுக்குள் வேற்றுமை எதுவும் எனக்குத் தெரியவில்லை. எனக்கு அவர்கள் ஒரு பெயர்ச் சைகை வைத்திருக்கிறார்கள்: இடது உள்ளங்கையில் வலது சுண்டுவிரலால் நேர்க்கோடு இழுப்பது. எதையும் அடிக்கோல் வைத்துச் செய்பவள் என்று பொருள். நான் உள்ளே வந்ததும் ஹாலில் ஏழெட்டு உள்ளங்கைகளில் கோடு விழுந்தது.

தேநீரும் வடையும் வந்தன. வெளியிலிருந்து கேட்டால் அந்த ஹாலில் யாருமில்லை என்றே தோன்றும். கோப்பை வைக்கும் சத்தம், நாற்காலி இழுபடும் சத்தம், எப்போதாவது வெடிக்கும் சிரிப்பு. உள்ளே ஒரே நேரத்தில் நான்கு சண்டைகள் நடந்துகொண்டிருந்தன. அக்கா எனக்காக அவ்வப்போது வாய்விட்டு மொழிபெயர்த்தாள். “அவரு மருமகனப் பத்திச் சொல்றாரு. சொல்லிக்கற மாதிரி இல்லயாம். ஆனா சொல்றாரு.”

அச்சகத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இருந்தார். அத்தானின் பள்ளித் தோழர். அவருக்கு ஏதோ ஒரு வேடிக்கையை எல்லாருக்கும் சொல்ல வேண்டியிருந்தது. கையை ஆட்டிப் பார்த்தார். யாரும் திரும்பவில்லை. எழுந்து சுவரோரம் போய், விளக்கின் சுவிட்சை அணைத்துப் போட்டார். ஹால் இருண்டு வெளுத்தது. பாதிப் பேர் திரும்பினார்கள். மறுபடியும் போட்டார். மூலையில் சீனப் பெண்மணியும் அக்காவும் மட்டும் எதையோ விட்டுக்கொடுக்காமல் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் அவர்கள் மீது கண் வைத்தபடி, மேளக்காரர் கைபோல் சுவிட்சை விடாமல் தட்டினார். அணை, போடு, அணை, போடு. அக்கா கடைசியில் திரும்பி, “ஐயோ அண்ணே, தெரியுது, போதும்! கண்ணு அவிஞ்சுடும்!” என்று வாயாலும் கையாலும் கத்தினாள். அவர் தலை வணங்கிவிட்டு வேடிக்கையைச் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள்.

நான் கைப்பேசியைப் பார்த்தேன். ஹால் பல்பு வைஃபையில் இல்லை. அக்கம்பக்கத்துப் பெயர்களின் நடுவே தன் பெயரை அறிவித்துக்கொண்டிருந்தது.

நான் அச்செடுத்துக் கோத்த பக்கங்களில் அது இருந்தது. வைஃபை கடவுச்சொல்லை மறந்துபோனவர்களுக்காக ஒரு வசதி: மின்சாரத்தை அடுத்தடுத்து வேகமாகப் பல முறை நிறுத்திக் கொடுத்தால், பல்பு எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் தொடக்க நிலைக்குத் திரும்பும். அந்த வரியைப் படித்திருந்தேன். தற்செயலாக யாரும் அப்படிச் செய்யப்போவதில்லை என்று நினைத்துப் பக்கத்தைத் திருப்பியிருந்தேன். காது கேட்கும் வீட்டில் அந்த நினைப்பு சரிதான். ஒருவரைக் கூப்பிட அங்கே வாய் இருக்கிறது. இங்கே சுவிட்ச்தான் வாய். பழைய டியூப் லைட் ஒருமுறை அணைத்தால் விழித்துக்கொள்ள நேரம் எடுத்துக்கொள்ளும். அதனால் ஒன்றிரண்டு தடவையோடு நிறுத்திக்கொள்வார்கள். நான் மாட்டியது தட்டிய உடனே எரியும் பல்பு. பெரியவருக்கு அது பிடித்துப்போயிருந்தது.

அக்காவிடம் சொன்னேன். அவள் அதைக் கூட்டத்துக்குச் சொன்னாள். எல்லாரும் பெரியவரைப் பார்த்தார்கள். ஒருவர், சுவிட்சின் மேல் ஒட்டுத்தாள் போட்டுவிடலாம், இனி யாரும் தொட வேண்டாம் என்றார். பெரியவரின் முகம் மாறிவிட்டது. அவர் கைகள் மெதுவாகவும் தெளிவாகவும் பேசின. அக்கா மொழிபெயர்க்கக் காத்திருக்காமலே எனக்குப் புரிந்தது. இருந்தும் அவள் சொன்னாள்: “வீட்டுக்குக் கூப்பிட்டு வாயக் கட்டறீங்களான்னு கேக்கறாரு.”

“கட்ட வேணாம்,” என்றேன். “அந்த வசதிய எடுத்துடலாம்.”

அதை நீக்க ஒரே ஒரு வரி போதும். நீக்கினால் வரும் இழப்பையும் அக்காவிடம் சொன்னேன். பிறகு எப்போதாவது வைஃபை பெட்டியை மாற்றினாலோ கடவுச்சொல்லை மறந்தாலோ பல்பை மீட்க வேறு எளிய வழி கிடையாது. ஏணி வைத்துக் கழற்றி, மறுபடியும் கத்தியால் அறுக்க வேண்டும்.

“அறுப்ப. உனக்கு வேற என்ன வேல,” என்றாள்.

பல்புக்கு எல்லாவற்றையும் திரும்ப எழுதி, அந்த ஒரு வரியையும் சேர்த்தேன். பிறகு பெரியவரிடம் சுவிட்சைக் காட்டி, எவ்வளவு வேண்டுமானாலும் தட்டுங்கள் என்றேன். அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு போனார். சரிபார்ப்பு வேலையில் இப்படி மனம் ஒன்றிச் சோதிக்கும் ஆளை நான் பார்த்ததில்லை. வேகமாக, மெதுவாக, தாளத்தோடு, தாளமில்லாமல் என்று எல்லா விதத்திலும் தட்டிப் பார்த்தார். எதிர்வீட்டு ஆன்ட்டி ஜன்னலுக்கு வந்து பார்த்துவிட்டுப் போனார். பல்பு வைஃபையிலேயே இருந்தது. கேட்டுக்குப் போய் மணி அடித்தேன், மங்கியது.

அதன் பின் வந்த திங்கட்கிழமைகளில் செய்தி எதுவும் வரவில்லை. என் அக்கா மகளுக்குக் காரணத்தை விளக்கி எழுதினேன். அவளிடமிருந்து வந்த பதில்: “சுவிட்ச் தட்டறதா? எங்க வீட்ல சாப்பிடக் கூப்பிடறதே அப்படித்தானே சின்னம்மா. எங்கிட்ட கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன்.” லோரியைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. வாக்குத் தவறியது என் பக்கம்.

தீபாவளிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை. ரவிக்கைகள் தைத்து முடிந்து ஹாலில் வரிசையாகத் தொங்கின. கொக்கி தைக்க நானும் போயிருந்தேன். நண்பர்கள் வந்திருந்தார்கள். பேச்சு உச்சத்தில் இருந்தபோது ஹால் விளக்கு பாதியாக மங்கி, மெதுவாக ஏறியது. மறுபடியும் மங்கியது.

அத்தனை பேரும் ஒன்றாகச் சுவிட்ச் பக்கம் திரும்பினார்கள். அங்கே யாருமில்லை. பெரியவர் தன் நாற்காலியில் இருந்தபடியே இரண்டு கைகளையும் உயர்த்திக் காட்டி, தான் இல்லை என்றார். விளக்கு மூன்றாம் முறை மங்கி ஏறியது. மலாய்க்காரப் பெண்மணி ஏதோ சொல்ல, எல்லாரும் குலுங்கினார்கள். “யாரோ ரொம்ப மரியாதக்காரங்க கூப்பிடறாங்களாம்,” என்று அக்கா எனக்குச் சொல்லிக்கொண்டே சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

கேட்டில் அவள் மகள் நின்றிருந்தாள். மறுபடியும் சொல்லாமல் வந்திருந்தாள். உள்ளே வந்தவள் செருப்பைக்கூட ஓரமாக விடாமல், “அடிச்ச ஒடனே வந்துட்டாங்க சின்னம்மா,” என்றாள். பிறகு விளக்கை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அம்மாவிடம் கைகளால் பேசத் தொடங்கினாள். அவள் பேச்சுக்கு முன்பே கைமொழி பழகியவள்; அந்த வேகத்தை என்னால் தொடர முடியாது. அக்காவும் இந்த முறை வாய் திறக்கவில்லை. கைகளால் மட்டும் பதில் சொன்னாள். இடையில் ஒருமுறை என் உள்ளங்கைக் கோடு வந்துபோனது. என்னைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று தெரியவில்லை. மற்றவர்கள் பார்க்காததுபோல் தேநீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு ஒவ்வொரு சொல்லும் தெரிந்திருக்கும்.

பேச்சு முடிந்தது. என் அக்கா மகள் சுவரோரம் போய் சுவிட்சைத் தட்டினாள். பெரியவரைவிட வேகமாக, சிறு வயதிலிருந்து செய்துவந்த கையின் லாவகத்தோடு தட்டினாள். எல்லாரும் திரும்பியதும் அவர்களைப் பார்த்துச் சுருக்கமாக ஏதோ சொன்னாள். ஹாலில் இருந்த கைகள் எல்லாம் தலைக்கு மேலே உயர்ந்து விரல்களை விரித்து அசைந்தன. அவர்கள் கை தட்டுவது அப்படித்தான்.

நான் அக்காவின் தோளைத் தொட்டு, அவள் என் முகத்தைப் பார்த்ததும் கேட்டேன்: “என்னக்கா சொன்னா?”

“லோரிய வேணாம்னு சொல்லிட்டாளாம்,” என்றாள் அக்கா, தெருவில் போகிறவர்களுக்கும் கேட்கும்படி. பிறகு மகள் பக்கம் திரும்பி, “வந்ததுதான் வந்தே, அந்த நீல பிளவுசுக்குக் கொக்கி தைச்சுக் குடு. சின்னம்மா ஒரு கொக்கிக்கு அடிக்கோல் வெச்சு அளந்துட்டு உக்காந்திருக்கா,” என்றாள்.